பன்னிரண்டு பேர் வேண்டும்

பாண்டிச்சேரியில் மாப்பிள்ளை பார்க்கிறவர்கள் மூன்று விஷயங்களைத்தான் விசாரிப்பார்கள். பிரான்ஸ் பாஸ்போர்ட் இருக்கிறதா? இல்லையென்றால் ஜிப்மரில் நிரந்தர வேலையா? அதுவும் இல்லையென்றால் நேரு வீதியில் வாடகை வரும் கட்டடமாவது உண்டா? இந்தப் பட்டியலில் நான்காவது தகுதி ஒன்றை நுழைக்க என் அம்மா போராடிக்கொண்டிருக்கிறாள். “பையன் சொந்தமா சாஃப்ட்வேர் கம்பெனி வெச்சிருக்கான்” என்பாள். தரகர் நிமிர்ந்து உட்கார்ந்து, “எத்தினி பேரு வேலை செய்றாங்க?” என்பார். அம்மாவுக்குப் பொய் வராது. “ராத்திரியெல்லாம் வேலை நடக்குதுங்க” என்பாள்.

நடப்பது உண்மை. எங்கள் வீட்டு மாடி அறையில் ஒரு லேப்டாப்பும் ஒரு டேபிள் ஃபேனும் நடத்தும் கம்பெனி அது. நிறுவனர் நான். நிரல் எழுதுகிறவன், படம் வரைகிறவன், விளம்பரம் செய்கிறவன் எல்லாம் நான். வாடிக்கையாளர் புகாரை வாங்கிக்கொள்ளும் பிரிவும் நான், அதைக் கிடப்பில் போடும் பிரிவும் நான். சம்பள உயர்வு கேட்டு நான் கொடுத்த மனு நிர்வாகத்தின் பரிசீலனையில் இருக்கிறது.

கம்பெனியின் சரக்கு மூன்று. ஒன்று, ‘மொழம்’: பூ வியாபாரிகளுக்கான கணக்கு ஆப். இரண்டு, ‘பூனை வருது’: மார்க்கெட் பூனை மீன் திருடும் விளையாட்டு. மூன்று, தினமும் ஒரு தமிழ்ச் சொல்லைக் கண்டுபிடிக்கச் சொல்லும் இணையதளம். இதற்கெல்லாம் எங்கிருந்து யோசனை வருகிறது என்று கேட்டால், ஜன்னலைத் திறந்தால் வருகிறது. பெரிய மார்க்கெட்டுக்குப் பக்கத்தில்தான் வீடு. புதுச்சேரியின் முதல் முதலமைச்சர் எதுவார் குபேர் பெயரில் ‘குபேர் அங்காடி’ என்று அதற்கு அரசாங்கப் பெயர் உண்டு. ஆட்டோக்காரரிடம் அந்தப் பெயரைச் சொன்னால் நம்மை வெளியூர்க்காரன் என்று முடிவுகட்டி மீட்டரை மறந்துவிடுவார்.

நேரு வீதிப் பக்கம் நுழைந்து, காய், பூ, கருவாடு, மீன் என்று ஒவ்வொரு வாசனையாகக் கடந்தால் மறுபக்கம் ரங்கப்பிள்ளை வீதி. பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்ஸின் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை பெயரால் அமைந்த தெரு. எந்தக் கப்பல் வந்தது, என்ன சரக்கு இறங்கியது, யார் யாரைப் பற்றி என்ன கோள் சொன்னார்கள் என்று 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதியவர். எங்கள் தொழிலில் இதை லாக் என்போம். கால் நூற்றாண்டு லாக் எழுதிய மனிதர் வாழ்ந்த ஊரில், என் லாக் ஃபைலில் இரண்டே வகைக் குறிப்புகள் இருக்கின்றன: ‘ஏன் ஓடவில்லை?’, ‘இப்போது ஏன் ஓடுகிறது?’

தனி ஆளாக மென்பொருள் செய்வது தமிழர்களுக்குப் புதிதல்ல. கணினியில் தமிழ் ஓடத் தொடங்கியதே இப்படிப்பட்டவர்களால்தான். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985இல் முரசு மென்பொருளைத் தொடங்கினார். பா. விஸ்வநாதனின் ‘அழகி’ 2000இல் வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் இணையத்தில் தமிழ் தட்டியவர்களில் பாதிப்பேர் முகுந்தராஜின் எ-கலப்பை பிடித்து உழுதவர்கள். பத்திரிகைக்கு ஓர் எழுத்துரு என்று இருந்த காலத்தில், ஒன்றில் தட்டியதை இன்னொன்றில் படிக்க வைத்தது சுரதா யாழ்வாணனின் பொங்குதமிழ். சந்திப் பிழை திருத்த ‘நாவி’, எழுத்துப் பிழை திருத்த ‘வாணி’ என்று இரண்டையும் நீச்சல்காரன் செய்து கொடுத்தார். இவர்களுடைய அம்மாக்களிடம் தரகர்கள் என்ன கேட்டார்கள் என்பது மட்டும் கணித்தமிழ் வரலாற்றில் எங்கும் பதிவாகவில்லை.

அம்மாவுக்குத் தைரியம் சொல்ல நான் உலக உதாரணங்களை எடுத்து விடுவேன். வியட்நாமில் டாங் நுயென் என்ற இளைஞர் 2013இல் ‘ஃப்ளாப்பி பேர்ட்’ என்று ஒரு சின்ன விளையாட்டைத் தனியாகச் செய்தார்; விளம்பரத்தில் மட்டும் நாளுக்கு 50,000 டாலர் வந்தது என்று செய்திகள் வந்தன; புகழின் தொல்லை தாங்காமல் 2014 பிப்ரவரியில் தாமே அதைக் கடையிலிருந்து எடுத்துவிட்டார் என்று சொன்னேன். அம்மா அரிசி களைவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்: “அந்தப் பையனுக்கு அம்மா இல்லியா?”

சரி, அமெரிக்காவுக்குப் போவோம் என்று ஜோஷ் வார்டில் கதையைச் சொன்னேன். சொல் விளையாட்டுப் பிரியையான தம் துணைவி பாலக் ஷாவுக்காக அவர் செய்ததுதான் ‘வேர்டில்’. 2021 அக்டோபரில் பொதுவில் விட்டார்; 2022 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் பத்து லட்சம் டாலருக்குக் குறையாத விலைக்கு வாங்கிக்கொண்டது. அம்மாவுக்கு இந்தக் கதை பிடித்திருந்தது. “பாத்தியா? முதல்ல கல்யாணம், அப்புறம்தான் சாஃப்ட்வேர்.”

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஆண்ட்ராய்டு ஆப்பை ப்ளே ஸ்டோரில் வைக்க ஒரே தடவை 25 டாலர் கட்டினால் போதும். ஆனால், 2023 நவம்பர் 13க்குப் பிறகு தனிநபர் கணக்குத் தொடங்கியவர்களுக்குக் கூடுதலாக ஒரு விதி உண்டு. ஆப்பைப் பொதுவில் விடுவதற்கு முன் 20 பேர் சோதனையாளர்களாகச் சேர்ந்து, தொடர்ந்து 14 நாள் விலகாமல் இருக்க வேண்டும் என்று முதலில் இருந்தது. 2024 டிசம்பரில் இந்த 20ஐ 12 ஆகக் குறைத்தார்கள். குப்பை ஆப்களைக் கடைக்குள் விடாமல் தடுக்க நியாயமான விதிதான். காசு கொடுத்தால் பன்னிரண்டு பேரை ஏற்பாடு செய்து தருகிறவர்களும் வந்துவிட்டார்கள். அரசியல் கூட்டத்துக்கு லாரியில் ஆள் பிடிக்கும் நாட்டில் அது முளைக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

எனக்குக் காசு கொடுத்து ஆள் பிடிக்க மனசும் வரவில்லை, காசும் இல்லை. சொந்தக்காரர்களைக் கேட்டேன். “லிங்க் அனுப்பு, பாக்கறேன்” என்றார்கள். இன்றுவரை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மிச்சம் இருந்தது பெரிய மார்க்கெட்.

மீன்கார அக்கா முதலில் சேர்ந்தார். சேர்வதற்கு ஜிமெயில் முகவரி வேண்டும். “அதெல்லாம் போன் வாங்குன கடைப் பையன்தான் போட்டுக் குடுத்தான்” என்றார். பாஸ்வேர்டும் அவனிடம்தான். அந்தக் கடை இருந்த இடத்தில் இப்போது ஷவர்மா விற்கிறார்கள். அக்காவின் மகனைப் பிடித்து, புதிய முகவரி திறந்து, ‘பூனை வருது’ ஆப்பை இறக்கிக் கொடுத்தேன். வஞ்சிரத்தைத் துண்டு போட்ட கையைத் துடைத்துக்கொண்டு ஒரே ஓர் ஆட்டம் ஆடினார்.

“இதுல மீன் விக்கிறவ யாரு?”

“நீங்கதான்கா. பூனை உங்க கிட்டருந்து மீனைத் தூக்கிட்டு ஓடணும்.”

“பூனை ஜெயிச்சா நான் தோத்தேனா? இன்னா கேம் இது? நான் இன்னா பாவம் பண்ணேன் உனக்கு?”

அதோடு விடவில்லை. “வஞ்சிரத்துக்கும் பத்து பாயிண்டு, மத்திக்கும் பத்து பாயிண்டா? நீ மார்க்கெட்டுக்கே வந்ததில்லியா தம்பி?” சுற்றி இருந்த கூடைக்காரப் பெண்கள் எல்லாரும் என்னை இரக்கத்தோடு பார்த்தார்கள். அன்றிரவு வஞ்சிரத்துக்கு ஐம்பது, சங்கராவுக்கு இருபது, மத்திக்கு ஐந்து என்று மாற்றினேன். மறுநாள் அடுத்த கேள்வி வந்தது. “தடைக்காலத்துல வஞ்சிரம் ஏது?” கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. நாட்டுப்படகில் வருவதுதான் மீன். எனவே அந்த 61 நாளும் விளையாட்டில் வஞ்சிரம் வராதபடி நிரலில் ஒரு நிபந்தனை சேர்ந்தது. ஹனோயிலும் நியூயார்க்கிலும் இப்படி ஒரு நிபந்தனையை யாரும் எழுதியிருக்க மாட்டார்கள் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

‘மொழம்’ ஆப்பைப் பூக்கார ஆயா சோதித்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரையைப் படித்தார். “ஒரு மொழம் எத்தினி சென்டிமீட்டர்னு கேக்குது. யாரு மொழம்? உன் கையா, என் கையா?”

“உங்க கைதான் ஆயா.” டேப்பை எடுத்து முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை அளந்தேன்.

“இது சாதா நாள் கை. மூர்த்த நாள்ல கொஞ்சம் உள்ள போவும்” என்றார்.

ஆப்பில் ‘முகூர்த்த நாள்’ என்று ஒரு பட்டன் சேர்த்தேன். அதை அழுத்தினால் முழம் சுருங்கும். நுகர்வோர் நீதிமன்றத்தில் இருப்பவர்கள் யாரும் இந்தக் கட்டுரையைப் படிக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

இவ்வளவு செய்தும் ஆயா பட்டனைத் தொடவே இல்லை. “நீ பட்டனைத் தேடுறதுக்குள்ள நான் நாலு பேருக்குப் பூ குடுத்து அனுப்பிடுவேன்.” ஆப்பை நிஜமாகவே பயன்படுத்தியது அவருடைய பேத்தி. கணக்குப் பகுதியை விட்டுவிட்டு, கடைசியில் ‘குறிப்பு’ என்று நான் சும்மா விட்டிருந்த காலிக் கட்டத்தை மட்டும் நிரப்பியிருந்தாள். ‘செவப்பு ஸ்கூட்டி 60’, ‘பேங்க் மாமி 120’, ‘மீசை, சாமந்தி, 40, கேட்டா கோவப்படுவாரு.’ எல்லாம் கடன் பாக்கி. மார்க்கெட்டில் வாடிக்கையாளருக்குப் பெயர் கிடையாது, வண்டியும் மீசையும்தான் உண்டு. ‘மொழம்’ அன்றிலிருந்து கடன் நோட்டு ஆனது. நான் ராத்திரி ராத்திரியாகக் கட்டிய கணக்குப் பகுதி இப்போது மூன்றாம் பக்கத்தில் ஓய்வெடுக்கிறது.

மார்க்கெட் வாசலில் காபி குடிக்க வரும், ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரும் பன்னிரண்டில் ஒருவர். இணையதளத்துக்கு இந்த விதியெல்லாம் கிடையாது என்றாலும், அவர் என் சொல் விளையாட்டையும் விட்டுவைக்கவில்லை. ‘மார்க்கெட்’ என்று தட்டிப் பார்த்தார். பத்து எழுத்து என்றது கணினி. அதன் கணக்கில் மகரம், துணைக்கால், ரகரம், புள்ளி, ககரம், புள்ளி, ககரம், ஒற்றைக்கொம்பு, டகரம், புள்ளி. யூனிகோடு ஒவ்வொன்றையும் தனி எண்ணாக வைத்திருப்பதால் வரும் வினை. ஐயா விரல்விட்டு எண்ணி, ஐந்து என்றார். பிறகு சட்டைப் பையிலிருந்து சிவப்பு மைப் பேனாவை எடுத்து, காபிக் கடை பில்லின் பின்பக்கத்தில் பிழைப் பட்டியல் எழுதித் தந்தார். கீழே மதிப்பெண்ணும் போட்டிருந்தார். அதை இங்கே சொல்லத் தேவையில்லை. முத்து அண்ணாமலையும் நண்பர்களும் செய்து இலவசமாக வைத்திருக்கும் ‘ஓப்பன் தமிழ்’ நிரல் தொகுப்பு, தமிழ் எழுத்துகளை எழுத்துகளாகவே பிரித்துத் தருகிறது. அதைச் சேர்த்ததும் ‘மார்க்கெட்’ ஐந்தெழுத்துக்கு இறங்கியது. ஐயா பேனாவை மூடினார்.

இதற்கிடையில் வாழைக்காய் மண்டி அண்ணன் போனை மாற்றி, சோதனையிலிருந்து விலகிவிட்டார். பன்னிரண்டு பதினொன்று ஆனது. பதினான்கு நாள் கணக்கை முதலிலிருந்து தொடங்க வேண்டும். வேறு வழியில்லாமல் அம்மாவைச் சேர்த்தேன். சோதனையாளர்கள் டெவலப்பருக்கு மட்டும் தனியாகக் கருத்து எழுதி அனுப்ப ஒரு பெட்டி உண்டு. அம்மாவிடமிருந்து வந்த முதல் கருத்து: “சோறு ஆறுது. எறங்கி வா.”

ஒருவழியாக ஆப்கள் கடைக்கு வந்தன. “இதுல உனக்கு இன்னா கெடைக்கும்?” என்று மீன்கார அக்கா கேட்டார். காசுக்கு விற்றால், ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலர் வரைக்கும் நூற்றுக்குப் பதினைந்து கடைக்காரர் எடுத்துக்கொள்வார் என்றேன். விளம்பரம் போட்டால், நூறு டாலர் சேர்ந்த பிறகுதான் பணம் கைக்கு வரும் என்றேன். எனக்காக வருத்தப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அக்கா பெருமூச்சு விட்டார். “நாங்க அடிக்காசு கட்டுறோம். வித்தாலும் கட்டணும், விக்காம ஐஸ்ல கெடந்தாலும் கட்டணும். உனக்கு வித்தா மட்டும்தானே? குடுத்து வெச்சவன்பா நீ.”

முதல் வெளிநாட்டுப் புகார் மே மாதம் கனடாவிலிருந்து வந்தது. “நான்கு வாரமாக விளையாடுகிறேன், ஒரு வஞ்சிரம்கூட வரவில்லை. பிழையைத் திருத்தவும்.” தடைக்காலம் ஜூன் 14 வரை, அதுவரை மத்தி பிடிக்கவும் என்று பதில் போட்டேன். நான்கு ஸ்டாரை ஐந்தாக்கினார். அந்த ஒரு ஸ்டார் மீன்வளத் துறைக்குச் சேர வேண்டியது.

கோடிப் பேருக்காகச் செய்யப்படும் ஆப்பில் முகூர்த்த நாள் பட்டன் இருக்காது. தடைக்காலமும் மீசைக்காரரும் இருக்க மாட்டார்கள். அதற்கெல்லாம் முகம் தெரிந்த பன்னிரண்டு பேர் வேண்டும். உங்கள் தெருவிலும் மாடி அறை விளக்கு அணையாத ஒருவன் இருப்பான். அவனுக்குப் பணம் வேண்டும்தான். நீங்கள் தர மாட்டீர்கள், தெரியும். பரவாயில்லை, ஒரு ஜிமெயில் முகவரி கொடுங்கள். பதினான்கு நாள் ஓடிப்போகாமல் இருங்கள். பிடிக்காததை முகத்துக்கு நேராகச் சொல்லுங்கள். தயவுசெய்து, “நல்லா இருக்கு” என்று மட்டும் சொல்லாதீர்கள். அதை வைத்துக்கொண்டு ஒரு வரிகூடத் திருத்த முடியாது.