வான்வழித் தொலைவு: சில ஆய்வுச் சிக்கல்கள்

சென்னை விமான நிலையத்துக்கும் மதுரை விமான நிலையத்துக்கும் இடையே எவ்வளவு தூரம் என்று கேட்டால், சுமார் 420 கிலோமீட்டர் என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பது பாமரர் வழக்கம். ஆய்வாளன் அப்படிச் செய்யலாகாது. முதலில் எந்த மதுரை என்று கேட்க வேண்டும். இறையனார் களவியல் உரை கூறும் கடல்கொண்ட மதுரையை முன்வைப்பாரும் உளர். அங்கே ஓடுபாதை இருந்ததற்குச் சான்று இன்னும் கிட்டாத ஒரே காரணத்தால் அதை இங்கு விலக்குகிறேன்.

ஆய்வு எல்லை: வானம். கருதுகோள்: விமானம் பறக்கும்.

இனி, தூரத்தை எங்கிருந்து அளப்பது? ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் ஒரு சுட்டுப்புள்ளி உண்டு. பெரும்பாலும் அது ஓடுபாதைகளின் நடுவாக்கில் விழும். நமக்குச் சொல்லப்படும் தூரம் அந்தப் புள்ளிக்கும் இந்தப் புள்ளிக்கும் இடைப்பட்டது. அங்கே எவரும் ஏறுவதில்லை, இறங்குவதும் இல்லை (சான்று 1: புல்). பூமியை முற்றுருண்டையாகக் கொள்ளாமல் இத்தகைய தூரத்தைக் கணிக்க, புவியளவியலாளர் வின்சென்டி 1975இல் வெளியிட்ட சூத்திரம் மில்லிமீட்டருக்கும் கீழே துல்லியம் தரவல்லது. சென்னையின் முதன்மை ஓடுபாதையோ 3,658 மீட்டர் நீளம். தொல்காப்பியர் எந்த நூற்றாண்டில் வாழ்ந்தார் என்பதில் உடன்படாமலே, அவர் எந்தக் கிழமையில் நூலை முடித்தார் என்று மல்லுக்கு நிற்கும் அறிஞர்களுக்கு இந்தச் சூத்திரம் மிகவும் பிடிக்கும்.

காலம் பற்றி. மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் பறந்தால் அரை மணிக்குச் சற்றே மேல் ஆகும். பயணச்சீட்டோ ஒரு மணி நேரத்துக்கு மேல் என்கிறது. ஏனெனில் சக்கரக் கட்டையை எடுத்ததிலிருந்து மறுபடி வைக்கும் வரை எல்லாம் பயணமே: ஊர்தல், ஓடுபாதை வாயிலில் வரிசையில் நிற்றல், ஏறுதல், காற்றின் திசை பார்த்துச் சுற்றிவந்து இறங்குதல் (சான்று 2: முன்னிருக்கை முதுகுப்பையில் செருகிய பாதுகாப்பு அட்டை, கசங்கிய பதிப்பு, ஓரத்தில் சாம்பார்க் கறை). ஒரு மணி நேரம் முன்பே கவுன்டரை மூடிவிடுவார்கள் என்பதால், அதற்கும் ஒரு மணி நேரம் முன்பே போய் உட்கார்ந்திருப்பதும் இதில் சேரும் என்பது மற்றொரு சாரார் துணிபு (சான்று 3: ஜன்னலோரப் பயணி, வாய்மொழி, அவர் தம் மைத்துனரிடம் கேட்டது, மைத்துனர் வைகை எக்ஸ்பிரஸில் வந்தவர், தூங்கிவிட்டதாக ஒரு பாடபேதம்).

உணவு: இது குறித்துச் சொல்ல ஒன்றுமில்லை.

மேலாய்வுக்குரிய களம் ஒன்று எஞ்சுகிறது. மதுரை விமான நிலையம் இருப்பது பெருங்குடியில். சென்னையிலும் ஒரு பெருங்குடி உண்டு, அந்நகர விமான நிலையம் இருக்கும் மீனம்பாக்கத்திலிருந்து சாலை வழியே சுமார் 15 கிலோமீட்டர். மாலை ஆறு மணிக்கு ஒருவர் விமானத்திலும் மற்றவர் டாக்சியிலுமாகக் கிளம்பினால், யார் தம் பெருங்குடியை முதலில் அடைவார்? முனைவர் பட்டத்துக்குத் தலைப்புக் கிடைக்காமல் தவிப்போர் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். நெறியாளரை டாக்சியில் ஏற்றுங்கள். ஆய்வேட்டைத் திருத்த அவருக்கு வேறெங்கும் இவ்வளவு அவகாசம் கிடைக்காது.