குதிரை தள்ளிய ஆராய்ச்சி

கீழே தள்ளிய குதிரை குழியும் பறித்ததாகத்தான் கேள்வி. 1890களில் ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க்கில் ஒரு குதிரை, தள்ளிய கையோடு ஒரு விஞ்ஞானத்தையே தொடங்கிவைத்தது. பட்டாளப் பயிற்சியிலிருந்த ஹான்ஸ் பெர்கர் விழுந்தது, பீரங்கி வண்டிக்கு நேர் எதிரே. மயிரிழையில் வண்டி நின்றது. அன்று மாலையே அப்பாவிடமிருந்து நலம் கேட்டுத் தந்தி! தூரத்து ஊரிலிருந்த கூடப்பிறந்தவள், "அவனுக்கு என்னவோ ஆபத்து" என்று அரற்றித் தந்தி அடிக்க வைத்திருக்கிறாள்.

வேறு யாராவது என்றால் தற்செயல் என்று விட்டிருப்பார்கள். பெர்கர் கணக்கையும் வானியலையும் மூட்டை கட்டிவிட்டு மருத்துவம் படிக்கப் போனார். தன் மூளையிலிருந்து கிளம்பி அவளைத் தட்டி எழுப்பிய சக்தியைக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டுமாம்.

1924இல் யேனா நகரில் மனித மூளையின் மின்னலையைப் பிடித்தும்விட்டார். ஐந்து வருஷம் மூச்சு விடவில்லை. 1929இல் வெளியிட்டபோது பலர் நம்பவில்லை. கண்ணை மூடிச் சும்மா கிடந்தால் அலை நொடிக்குப் பத்துத் தடவை அழகாக ஆடுமாம். மனக்கணக்குப் போட்டால் காணாமல் போகுமாம். எப்படி நம்புவார்கள்? 1934இல் கேம்பிரிட்ஜில், நோபல் வாங்கிய விஞ்ஞானி ஏட்ரியன் தன் தலையிலேயே சோதித்து ஒப்புக்கொண்ட பிறகுதான் மரியாதை.

ஒரு வோல்ட்டை லட்சம் கூறு போட்டால் இரண்டு மூன்று கூறு: அவ்வளவுதான் அந்த அலையின் பலம். அடுத்த ஊருக்கு எங்கே போவது, மண்டையோட்டைத் தாண்டவே முக்குகிறது. பெர்கரோ அந்த நம்பிக்கையைக் கடைசிவரை விடவில்லை.

அவர் தேடிய சக்தி கிடைக்கவில்லை. பிடித்த அலை மட்டும் வீண்போகவில்லை. மூளையின் மின்சாரத்தைக் கணினிக்குக் கொடுக்கலாமே என்று 1973இல் லாஸ் ஏஞ்சலிஸில் ஷாக் விடால் என்ற விஞ்ஞானி எழுதினார். 1999இல் டூபிங்கனில் நீல்ஸ் பிர்பௌமரின் குழு, உடல் முடங்கிய நோயாளிகளை மூளை அலையாலேயே எழுத்துக் கூட்ட வைத்தது.

2022இல் வெளிவந்த இன்னொரு ஆய்வு. உடலை முடக்கும் ஏஎல்எஸ் நோயால் கண்ணைக்கூட அசைக்க முடியாத ஜெர்மானியர். மூளைக்குள் மின்முனைகள். அவர் மூளையாலேயே ஓர் ஒலியை ஏற்றினால் 'ஆமாம்', இறக்கினால் 'இல்லை'. அப்படித் தேர்ந்தெடுத்து நிமிஷத்துக்கு ஓர் எழுத்து. எவ்வளவு ஞானம் வரப்போகிறதோ என்று காத்திருந்தால், மனிதர் கூலாஷ் சூப் கேட்டார். டூல் இசைக்குழுவின் ஆல்பத்தைச் சத்தமாகப் போடச் சொன்னார். ராபின் ஹூட் படம் பார்க்கலாமா என்று மகனைக் கேட்டார். அப்புறம் ஒரு பீர் கேட்டார், வயிற்றுக் குழாய் வழியாகத்தான் இறங்கும் என்று தெரிந்தும்.