விளம்பரம் பிடித்த வைரஸ்

கேள்வி: செய்தி படித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று "உங்கள் கம்ப்யூட்டரில் 27 வைரஸ்கள்" என்று சிவப்பு எழுத்தில் வந்தது. அந்த விளம்பரத்துக்கு எப்படித் தெரிந்தது?

பதில்: அதற்கு எதுவும் தெரியாது. வலைப்பக்கம் உங்கள் ஹார்டு டிஸ்க்கைத் துழாவிப் பார்க்க பிரவுசர் விடுவதில்லை. நீங்கள் பார்த்த ஸ்கேன் வெறும் அனிமேஷன். ஒரு காலத்தில் இந்த விளம்பரங்கள் விண்டோஸின் 'மை கம்ப்யூட்டர்' பக்கத்தை வரைந்து காட்டின. ஆப்பிள் கம்ப்யூட்டர் வைத்திருந்தவருக்கும் அதே படம்தான். இல்லாத சி டிரைவிலும் வைரஸ் பிடித்தார்கள்!

கேள்வி: பெரிய பத்திரிகையின் இணையதளத்தில் வந்தால் நம்பலாம்தானே?

பதில்: கூடாது. 2009 செப்டம்பரில் நியூயார்க் டைம்ஸ் தளத்திலேயே இது நடந்தது. வோனேஜ் என்ற தொலைபேசி நிறுவனத்தின் பெயரைச் சொல்லி விளம்பர இடம் வாங்கினார்கள். முதலில் ஒழுங்கான விளம்பரம் ஓடியது. வார இறுதி வந்ததும் அதை எடுத்துவிட்டு போலி வைரஸ் எச்சரிக்கையைப் போட்டுவிட்டார்கள்.

கேள்வி: பயமுறுத்துவதில் அவர்களுக்கு என்ன லாபம்?

பதில்: ஸ்கேன் இலவசம், வைரஸை நீக்கத்தான் காசு. வின்ஃபிக்சர், டிரைவ்கிளீனர், எக்ஸ்பி ஆன்டிவைரஸ் என்று பல பெயர்களில் இப்படி விற்ற கும்பல் மீது, அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் 2008 டிசம்பரில் வழக்குப் போட்டது. ஏமாந்தவர்கள் 10 லட்சத்துக்கும் மேல். 2012-ல் நீதிமன்றம் விதித்த தொகை 16.3 கோடி டாலர். போனிலும் போலி உண்டு: 2014-ல் கூகுள் ப்ளேயில் 'வைரஸ் ஷீல்டு' என்றொரு ஆப் 3.99 டாலருக்கு விற்பனையானது. தொட்டால் பெருக்கல் குறி டிக் குறியாக மாறும். அது செய்த ஒரே வேலை அதுதான். பத்தாயிரம் பேருக்கு மேல் வாங்கினார்கள்.

கேள்வி: பார்த்தவுடன் போலி என்று கண்டுபிடிக்க வழி?

பதில்: அவசரப்படுத்தினால் போலி. சைரன் ஒலி, இறங்குமுகமாக ஓடும் கடிகாரம், "உடனே அழையுங்கள்" என்று ஒரு போன் நம்பர். மைக்ரோசாஃப்ட் தன் எச்சரிக்கைகளில் போன் நம்பர் போடுவதே இல்லை. இன்னொன்று, தெரியாத தளம் நோட்டிஃபிகேஷன் அனுப்ப அனுமதி கேட்டு 'அலவ்' பட்டனை அழுத்தச் சொன்னால் அழுத்தாதீர்கள். அழுத்திவிட்டால், பிறகு அது அனுப்பும் நோட்டிஃபிகேஷன்கள் நிஜ ஆன்டிவைரஸின் குரலில் பேசும். பிரவுசர் செட்டிங்ஸில் போய் அந்த அனுமதியை நீக்குங்கள்.

கேள்வி: விளம்பரத்தை மூடவே முடியவில்லையே?

பதில்: அதில் தெரியும் பெருக்கல் குறியைத் தொடாதீர்கள், அதுவும் விளம்பரத்தின் பகுதியாக இருக்கலாம். விண்டோஸில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மேனேஜர் வழியாக பிரவுசரையே மூடுங்கள்.

கேள்வி: எந்த ஆன்டிவைரஸ் வாங்கலாம்?

பதில்: விண்டோஸ் 10, 11-ல் டிஃபெண்டர் உள்ளேயே இருக்கிறது, காசு கிடையாது. வீட்டு உபயோகத்துக்கு அதுவே போதும் என்பது என் கருத்து. வேறு வேண்டுமென்றால் ஏவி-டெஸ்ட், ஏவி-கம்பேரட்டிவ்ஸ் சோதனை முடிவுகளைப் பாருங்கள். பிறகு அந்த நிறுவனத்தின் முகவரியை நீங்களே டைப் செய்து போங்கள். தேடலில் முதலில் வருவதும் விளம்பரமாக இருக்கக்கூடும்.

கேள்வி: அப்பா ஏற்கெனவே பணம் கட்டிவிட்டார். திட்டலாமா?

பதில்: திட்டாதீர்கள், அடுத்த முறை உங்களிடம் சொல்லவே மாட்டார். முதலில் வங்கியைக் கூப்பிட்டு கார்டை முடக்குங்கள். அந்த மென்பொருளை நீக்குங்கள். வேறொரு கருவியிலிருந்து பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். கையோடு சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குப் போன் செய்து புகார் கொடுங்கள். இதையெல்லாம் இன்றே செய்யுங்கள்.