நிரல்நிறை விசாரம்

இரண்டு லிஸ்டுகளை ஒரே லூப்பில் சுருக்கமாக ஓட்டுவது எங்ஙனம் என்னும் வினா, புரோகிராம் எழுதுவோரால் அற்பமென்று கருதப்பட்டு அரை நிமிஷத்தில் கடந்து செல்லப்படுவதாயினும், அதனுள் இலக்கணமும் தர்க்கமும் அண்டைவீட்டாரோடு பழகும் முறையும் ஒருங்கே அடங்கிக் கிடப்பதைச் சென்ற நவராத்திரியில் அடியேன் அநுபவத்தால் அறிந்துகொண்டேனாதலின், அதனை ஈண்டுச் சிறிது விரித்துரைக்கத் துணிகின்றேன்.

பெயர்கள் ஒரு லிஸ்டிலும் வீட்டு எண்கள் மற்றொன்றிலும் இருக்குமாயின், பண்டையோர் 'ஐ' என்னும் ஓரெழுத்தை நியமித்து, பூஜ்யம் முதல் ஒவ்வொன்றாக அதனை ஏற்றி, பெயர்களில் ஐயாவது யார், எண்களில் ஐயாவது எது என்று இரண்டு வாசலிலும் தட்டிக் கேட்டு வந்தனர். இந்த ஐ ஒரு தரகன்; பெண்ணும் பிள்ளையும் எதிரெதிரே அமர்ந்திருக்கையில் நடுவில் நின்று பேசுபவன்; ஒன்று முன்னே நிற்பதோ ஒன்று பின்னே நிற்பதோ அவன் குலதர்மம். பைத்தான் மொழியில் அத்தரகனை விலக்கும் உபாயத்தைப் பாரி வார்சா என்பவர் 2000ஆம் ஆண்டு ஜூலையில் 201ஆம் எண்ணுள்ள முன்மொழிவாக எழுத, அவ்வாண்டே வெளிவந்த 2.0 பதிப்பில் அது 'ஸிப்' என்னும் திருநாமத்தோடு எழுந்தருளிற்று. அன்றுமுதல் 'ஃபார் பெயர், எண் இன் ஸிப்(பெயர்கள், எண்கள்)' என்னும் ஒற்றை வரியில் காரியம் முடிகிறது. ஹாஸ்கெல் மொழியில் இப்பிரயோகம் முன்னமே இருந்தது. ஆங்கே மூன்று லிஸ்டுக்கு ஸிப்3, நான்குக்கு ஸிப்4 என ஏழு வரை தனித்தனியே சமைத்து வைத்திருக்கின்றனர். எட்டாவது லிஸ்ட் உடையவர் தம் சமையலைத் தாமே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

இப்பெயர் பொருந்துமா என்பது ஆராயத்தக்கது. கிடியன் சண்ட்பேக் 1917இல் காப்புரிமை பெற்றதும், 1923இல் குட்ரிச் கம்பெனி தன் ரப்பர் பூட்ஸில் தைத்து 'ஸிப்பர்' என்று பெயரிட்டதுமான அந்தப் பல்வரிசையை உற்று நோக்குமின். அதில் இடப்பக்கத்துப் பல்லொன்று வலப்பக்கத்துப் பற்கள் இரண்டன் இடைவெளியில் போய்ப் புகுகின்றதேயன்றி, ஒரு பல் ஒரு பல்லோடு முகம் பார்த்து நிற்பதில்லை. ஆகவே உவமை பழுதுடைத்து. நம்மவரோ இதற்குப் பழுதில்லாத பெயரை வெகு காலத்துக்கு முன்பே வைத்துவிட்டனர்: தொல்காப்பியர் எச்சவியலில் சுண்ணம், அடிமறி, மொழிமாற்று ஆகியவற்றோடு எண்ணிய நிரல்நிறை என்பது இதுவே. திருக்குறளின் 45ஆம் பாட்டில் அன்பைப் பண்போடும் அறத்தைப் பயனோடும் பரிமேலழகர் கூட்டி முடித்ததும் ஸிப்பேயன்றி வேறன்று. உரைநடையில் 'முறையே' என்று ஒரு சொல்லைப் போட்டுவிட்டு நாம் நிம்மதியாக இருக்கிறோமே, அச்சொல் செய்யும் வேலையும் அதுதான்.

ஆயினும் வள்ளுவர் இரண்டுக்கு இரண்டு வைத்தார். மூன்றுக்கு இரண்டு வைத்தால் யாது கதி? இங்கேதான் சமயவாதம் தொடங்குகிறது. ஸிப்பின் சித்தாந்தம், குறுகிய லிஸ்ட் முடிந்தவுடன் எழுந்து கைகழுவிவிடுவது. மிஞ்சியவற்றைப் பற்றி அது வாய் திறவாது. ஸிப் பிறப்பதற்கு முன் வழங்கிய 'மேப்' பிரயோகம் நெடிய லிஸ்டின் இறுதிவரை சென்று, இல்லாத இடத்தில் 'நன்' என்னும் இன்மையை வைத்து நிரப்பியது; அக்கொள்கையை இன்று 'ஸிப் லாங்கஸ்ட்' போற்றுகிறது. ரூபி மொழியாரோ முதல் லிஸ்டையே குடும்பத் தலைவனாகக் கொண்டு, மற்றவற்றில் குறைந்ததை 'நில்' கொண்டு நிரப்பி, கூடியதை வெட்டுவர்.

முதற்சொன்ன சித்தாந்தத்தின் விளைவை நான் கண்ட விதம் இது. எங்கள் அடுக்ககத்தின் 36 வீட்டாருக்கும் கொலு அழைப்பு உறைகளில் பெயரும் வீட்டு எண்ணும் அச்சிடும் பொறுப்பை ஏற்றுக்கொண்டு, எக்ஸெலிலிருந்து இரண்டு பத்திகளைத் தனித்தனியே எடுத்து ஸிப்பிடம் ஒப்படைத்தேன். எண்களின் பத்தியில் 19ஆவது கட்டம் காலியாயிருந்தது; காலி வரிகளைக் களையும் என் சாமர்த்தியத்தால் அது மறைந்தும் போயிற்று. பெயர்கள் 36, எண்கள் 35. எரர் ஒன்றும் வரவில்லை. 'முடிந்தது' என்று நானே எழுதிவைத்த வரி திரையில் தோன்றியது. 19ஆம் பெயர் தொடங்கி ஒவ்வொருவர் உறையும் அடுத்தவர் வீட்டுக்குப் போக, பதினேழு பேரும் மாடிப்படியில் நின்று சிரித்தபடி மாற்றிக்கொண்டனர். யூனிகோடின் அகரவரிசையில் ஹகரமே கடைசி மெய். அவ்வரிசைப்படி அமைந்த எங்கள் பட்டியலின் 36ஆம் பெயரும் ஹகரத்தில் தொடங்குவது. அப்பெயருக்குரிய மாமிக்கு வந்த ஒரே உறையில் வேறொருவர் பெயர் இருந்தது. தம் பெயரிட்ட உறை உலகத்திலேயே இல்லை. எல்லோர் முன்னிலையிலும் அவர் என்னைக் கேட்டது ஒன்றே: "ஏண்டாப்பா, நான் மட்டும் வேண்டாமா?"

2021இல் வெளிவந்த 3.10 பதிப்பில் ஸிப்புக்கு 'ஸ்ட்ரிக்ட்' என்னும் நிபந்தனை வாய்த்தது. அதனை 'ட்ரூ' என்று வைத்தால் நீளம் ஒவ்வாதபோது லூப் எரரோடு நின்றுவிடும். அதுவும் சர்வரோக நிவாரணியன்று; இரண்டு லிஸ்டிலும் வெவ்வேறு இடத்தில் ஒவ்வொன்று விடுபட்டிருப்பின் எண்ணிக்கை சரியாயிருக்கும், ஜோடிதான் தவறாயிருக்கும். உண்மையில் என் பிழை ஸிப்பில் இல்லை. ஒரே வரியில் கூடியிருந்த பெயரையும் எண்ணையும் நானே பிரித்தெடுத்துப் பின்பு ஒட்டவைக்க முயன்றதில் இருந்தது.

3.10க்கு முந்தைய பைத்தானை இன்னும் வைத்திருக்கும் அன்பர்கள், ஸிப்பை அழைக்குமுன் இரண்டு லிஸ்டுகளின் 'லென்'னையும் ஒப்பிடும் ஒரு வரியைத் தயைகூர்ந்து எழுதிக்கொள்ளுமாறு, ஹகரத்து மாமியின் சார்பாக வேண்டிக்கொள்கிறேன்.