எல்லை தெரியாத வாட்ஸ்அப்

கேள்வி: தேர்தல் வந்தால் தமிழ்நாட்டுப் பிரச்சாரமும் கேரளப் பிரச்சாரமும் சேர்ந்தே என் வாட்ஸ்அப்பில் குவிகின்றன. பதில் போட்டால் மட்டும் சத்தமே இல்லையே, ஏன்?
– ஒரு வாசகர், பாறசாலை

பதில்: 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு தமிழ்நாட்டுப் பக்கம், நெய்யாற்றின்கரை கேரளப் பக்கம் என்று மாநில எல்லையைப் பிரித்தார்கள். அந்தத் தகவல் கட்சிகளின் ஐ.டி. பிரிவுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை போலும்!

2024 மக்களவைத் தேர்தலில் கன்னியாகுமரிக்கு ஏப்ரல் 19, திருவனந்தபுரத்துக்கு ஏப்ரல் 26 வாக்குப்பதிவு. தமிழ்நாட்டுக் களியக்காவிளையில் காங்கிரசும் கம்யூனிஸ்டுகளும் தோளோடு தோள். எல்லை தாண்டினால், உங்கள் பாறசாலையில் நேருக்கு நேர். இரண்டு பிரச்சாரத்தையும் ஒரே போனில் படித்தும் நீங்கள் தெளிவாக இருப்பதே சாதனை.

பதிலா? பிரச்சாரத்துக்கு வாய் மட்டும்தான் உண்டு, காது கிடையாது. உங்கள் பதிலை அவர்கள் எண்ணிப் படிக்கும் இடம் ஒன்றே ஒன்று: வாக்கு இயந்திரம்.