குளிக்கிற ரூம்புக்குள்ள ஒரு பஞ்சு மில்லு

ஏன் மாப்ளே, நீ என்ன சாமானியப்பட்ட ஆளா? கோயமுத்தூருல அஞ்சாவது மாடியில ஊடு வாங்குனவன். கட்டுத்தறி இல்ல, மாடு கன்னு இல்ல, வைக்கப்போரு இல்ல, புழுதி பறக்க ஒரு வண்டித்தடங்கூட இல்ல. அப்புடியிருந்தும் பாத்ரூமுக்குள்ள இத்தனை தூசி சேத்து வெச்சிருக்கீன்னா அதுக்குன்னு ஒரு தெறமை வேணுமாக்கும். என்ற அக்கா மகன்னு வெளிய சொல்லிக்கப் பெருமையா இருக்குது.

பக்கத்துல கட்டட வேலை நடக்குது, அங்கிருந்து வர்ற தூசின்னு நீ சொல்றே. சரி, சொல்லு. பக்கத்து எடத்துக்காரன் மேல பழியப் போடுறது நம்ம குடும்பத்து வழக்கந்தானே. ஆனா ஒண்ணு செய். அந்தத் தூசியில ஒரு சிட்டிகை எடுத்து வெளிச்சத்துல, ரெண்டு வெரலுக்கு நடுவுல வெச்சு உருட்டிப் பாரு. மண்ணா இருந்தா நெறநெறன்னு இருக்கும். திரி திரிக்குற பதத்துல சுருண்டு வந்துச்சுன்னா அது பஞ்சு. பஞ்சுக்கு வேற கலரும் இருக்குது பாரு: நீ நீலத் துண்டு வாங்குனா மூலையில நீலமா ஒதுங்கும், அம்மிணி செவப்புத் துண்டு வாங்குனா செவப்பா ஒதுங்கும். கட்டடக்காரன் பாவம், உன்ற துண்டுக்கு மேட்சா தூசி அனுப்ப அவனுக்கு நேரமேது?

பல்லடத்துப் பக்கம் ஸ்பின்னிங் மில்லுல ஷிப்டு பாத்தவன் நானு. பஞ்சு பறக்குறதப் பத்தி எனக்கே பாடம் எடுக்காத. அங்க ரிங் ஃபிரேமுக்கு மேல தண்டவாளம் போட்டு ஒரு கிளீனரு போயிட்டு வந்துட்டே இருக்கும். ஒரு குழாய் ஊதும், இன்னொண்ணு உறிஞ்சும். காத்துல ஈரப்பதம் நூத்துக்கு 55, 60 நிக்கோணும்னு தனியா ஒரு பிளான்ட்டு ஓடும். ஈரமிருந்தா நூலும் அறாது, பஞ்சும் அவ்வளவாப் பறக்காது. அத்தனை செஞ்சும், ஒரு நாள் லீவு முடிஞ்சு உள்ள போனா அன்னிக்குத்தான் நெஞ்சு இறுக்கிப் புடிக்கும். பஞ்சு மில்லுச் சீக்குன்னு டாக்டருங்களுக்கே தெரிஞ்ச சமாச்சாரம் அது. உன்ற பாத்ரூமுத் தூசி அந்த அளவுக்குப் போகாது, பயப்படாத. பயப்படுறதுக்கு உனக்கு ஹவுசிங் லோன் இருக்குது.

இப்ப நீ வாங்கி வெச்சிருக்கியே, சிம்மாசனத்துல போத்தற அளவுக்குத் தடியா டர்க்கி டவலு, அதுதான் மொதல் மில்லு. ஒடம்பெல்லாம் கண்ணி கண்ணியா நூலு நிக்குது பாரு, நீ துடைக்கத் துடைக்கக் குட்டைப் பஞ்சு கழண்டுட்டே இருக்கும். கோம்டு நூலுல நெய்ஞ்சதா இருந்தாக் கொஞ்சம் தேவலை. சீப்புல வாருற கணக்கா மில்லுலயே குட்டைப் பஞ்சை எடுத்துருவாங்க. அது வெலை கூடங்கறதால நீ வாங்கியிருக்க மாட்டே, உன்னைத் தெரியாதா. சரி போகுது. புதுத் துண்டை ரெண்டு மூணு தரம் தனியா அலசி, வெயில்ல காயப்போட்டு, மொட்டை மாடியில நாலு ஒதறு ஒதறி அப்பறமாக் கொண்டா. நீ என்ன செய்யறே? கவர்ல இருந்து உருவுனதும் பாத்ரூமுக்குள்ள நின்னு ஒதறுறே. உங்க அப்பாரு வாய்க்காமேட்டுல நின்னு ஈரிழைத் துண்டை ஒதறுனாரு, காத்தோட போச்சு. உனக்கு நாலு செவுரு, போறதுக்கு எடமில்ல.

அப்பறம் அந்தப் பவுடரு. குளிச்சு முடிச்சதும் கதவச் சாத்திக்கிட்டுக் கழுத்துல, கக்கத்துலன்னு நீ கொட்டுற கொட்டுக்குப் பழனிப் பூசாரியே தோத்துப் போவாரு. பவுடருன்னா என்ன, கல்லை நைசா அரைச்சதுதானே. பாதி உன்ற மேல, மீதி கீசரு மேல. நெலக்கண்ணாடி முன்னால போயி பூசிக்கோ மாப்ளே, அழகைப் பாக்கவும் வசதி. அழுக்குத்துணிக் கூடையையும் வெளிய எடு. துணி கழட்டற எடத்துலதான் ஒடம்புத் தோலு, முடி, துணிப் பிசுறு எல்லாம் ஒட்டுக்கா உதிரும். பக்கத்துல பைப்பு இருக்கறப்ப மாட்டி வெச்சிருக்கியே ஒரு பேப்பரு ரோலு, அது ஒறம்பரை வந்தாக் காட்டறதுக்குன்னு எனக்குத் தெரியும். கிழிக்கறப்ப எல்லாம் அதுவும் மாவு கொட்டும். நோம்பிக்கு மட்டும் மாட்டு.

இத்தனையும் உன்ற சொந்த உற்பத்தி. மிச்சத்த இறக்குமதி பண்றது எக்ஸாஸ்ட் ஃபேனு. பகல் முச்சூடும் அது ஓடுனாக் காத்து சுத்தமாகும்னு நெனைக்கறே. உள்ள இருக்கற காத்த அது வெளிய தள்ளுனா, அந்த எடத்துக்குக் காத்து எங்கிருந்து வரும்? கதவுக்கு அடியில அர இஞ்சு சந்து இருக்குதே, அது வழியாப் பெட்ரூமு மெத்தைப் பஞ்சு, போர்வைப் பிசுறு, கட்டிலுக்கடியில இருக்கற குப்பை எல்லாம் வரிசைகட்டி வரும். குளிக்கறப்பப் போடு. குளிச்சதுக்கப்பறம் ஒரு 20 நிமிஷம் ஓடட்டும், ஈரம் போகும். பொறவு நிறுத்து. ஈரம் நின்னா வந்த தூசி செவுத்துல அப்பிக்கும். காஞ்சாச் சுரண்டித்தான் எடுக்கோணும். நிறுத்துனதும் தானா மூடிக்கிற சட்டரு வெச்ச ஃபேனா பாத்து மாட்டு. இல்லீன்னா ஆனி ஆடியில பாலக்காட்டுக் கணவாக் காத்து அந்த ஓட்டை வழியா நேரா உள்ள வந்து உனக்கு நலம் விசாரிக்கும். கால்மிதியை மட்டும் வாரத்துக்கொருக்கா வெளிய கொண்டு போயித் தட்டு. அது ரெண்டு ரூம்பு தூசியையும் சேத்து வெச்சு வட்டிக்கு விடுற ஆளு.

சுத்தம் பண்றதுல நீ பண்ற கூத்து இன்னும் பெருசு. எடுத்ததும் ஷவரத் தொறந்து செவுத்துல அடிக்கறே. காஞ்ச பஞ்சு நனைஞ்சு கஞ்சியாகி, மூலைக்கு மூலை ஒட்டிக்கிட்டு, மிச்சம் முடியோட சேந்து ஜாலியில அடைச்சுக்குது. அப்பறம் பிளம்பருக்குப் போன் போடறே. தண்ணி கடைசி மாப்ளே. காலையில ஒருத்தரும் குளிக்கறதுக்கு முன்னால, ரூம்பு காஞ்சு கெடக்கறப்ப ஆரம்பி. ஃபேனு சுவிட்சு, கீசரு சுவிட்சு ரெண்டையும் அமத்து. ஒட்டடைக்குச்சி நுனியில பழைய வேட்டித் துணியச் சுத்தி, லேசா நனைச்சுப் புழிஞ்சு, மேல இருந்து கீழ வா. பூந்தொடப்பம் வெச்சு வீசாத, தூசி ஊர்கோலம் போயிட்டுத் திரும்ப அங்கயே வந்து உக்காரும்.

கீசரு மேல என்னிக்காச்சும் எட்டிப் பாத்திருக்கியா? போன தடவை வந்தப்ப நான் பாத்தேன். கருப்புக் கம்பளி விரிச்ச மாதிரி இருந்துச்சு. ஒரு ஓரத்தப் புடிச்சு இழுத்தேன், கிழியாம முழுசா உரிஞ்சு வந்துச்சு. ஃபேனு இறக்கையில காத்த வெட்டற முன் விளிம்புல மட்டும் தடியாப் படிஞ்சிருக்கும், அதத் தொடச்சாலே சத்தம் கொறையும். கதவுக்கு மேல்கட்டை, டியூப்லைட்டு முதுகு, ஜன்னல் கொசுவலை, இதெல்லாம் நம்ம கண்ணுக்கு மேல இருக்கறதால இல்லீன்னு நெனச்சுக்கறோம்.

டைல்ஸுல வெள்ளையா இருக்குதே, அதையும் தூசின்னு நீ தேய்க்கறதப் பாத்தேன். அது போர்த் தண்ணி உப்பு. குடிக்கறதுக்குச் சிறுவாணி, குளிக்கறதுக்கு ஆயிரம் அடி போரு, அப்பறம் வெள்ளை படியாம என்ன பண்ணும்? ஈர வெரலுல தேய்ச்சா நகரலைன்னா உப்பு. எலுமிச்சம்பழத் தோலோ வினிகரோ போட்டுச் சித்த நேரம் ஊற வெச்சுத் தேய். மார்பிளுல மட்டும் படக்கூடாது, அரிச்சுரும். ஆசிட்ட ஊத்தி, போதாதுன்னு அது மேலயே பிளீச்சிங் பவுடரையும் போட்டியோ, வர்ற வாயுவுல தூசியும் இருக்காது, நீயும் இருக்க மாட்டே. இதுல மட்டும் நான் கேலி பேசலை, கேட்டுக்கோ.

ஸ்டூல் போட்டு ஏறுறது நீயா இரு, அம்மிணி கீழ நின்னு புடிச்சுக்கட்டும். அவளை ஏத்தி உட்டுட்டு நீ கீழ நின்னு யோசனை சொல்ற வேலை வேண்டாம், அதுக்குத்தான் நான் இருக்கறேன். டர்க்கி டவலை எல்லாம் கட்டி எங்கிட்டக் குடுத்துரு, மழைக்காலத்துல கன்னுக்குட்டியத் தொடைக்க ஆகும். தீவாளிக்கு உங்க ஊட்டுக்குன்னு ஈரிழைத் துண்டு எடுக்கறப்ப, மாமனுக்கும் ரெண்டு சேத்து எடு. கூட ஒரு வேட்டி வந்துச்சுன்னா நான் ஒண்ணும் திருப்பி அனுப்ப மாட்டேன்.