மொய் நோட்டும் மருமவன் ஸ்கிரிப்டும்

வாங்க மருமவனே, வாங்க. திண்ணையில உக்காருங்க. மெட்ராசுல மிசின் ரூம்ல முப்பது வருசம் யூனிக்ஸைக் கட்டி மேய்ச்ச கிழவன்கிட்ட லேப்டாப்போட வந்திருக்கீங்கன்னா, வம்பு பெருசாத்தான் இருக்கும்.

என்னது, மொய்க் கணக்கா? நோட்டுல 212 பேரு. உன் ஸ்கிரிப்டு மூவாயிரத்துச் சொச்சம் பேருங்குதா! அடேயப்பா, பந்தியில அம்புட்டு இலை விழலையே. மெதுவாப் பேசு, சமையக்காரர் காதுல விழுந்தா கூடக் காசு கேப்பாரு.

எங்க, ஸ்கிரிப்டைக் காட்டு. ஃபார், இன், டாலர் போட்டு கேட். அங்கதான் இருக்கு வெனை. வரி வரியா வாசிக்கும்னு நீ நெனைச்ச. அது வார்த்தை வார்த்தையா நறுக்குது. 'எஸ். கந்தசாமி, கயத்தாறு, 501'னு ஒரு வரி. எஸ்ஸுக்கு ஒரு இலை, கந்தசாமிக்கு ஒரு இலை, கயத்தாறுக்கு ஒரு இலை. ஐநூத்தி ஒண்ணும் தனியா உக்காந்து பாயசம் கேக்குது.

அதோட விட்டுச்சா? திருப்பிச் செய்ய வேண்டிய வீட்டுக்கெல்லாம் உங்கம்மா வரிக் கடைசியில கமா போட்டு ஒரு நட்சத்திரக் குறி வச்சிருக்கா. தனியா நிக்கிற நட்சத்திரத்தைப் பார்த்தா ஷெல்லுக்கு, 'இந்த ஃபோல்டர்ல இருக்கிற எல்லாரும் வாங்க'ன்னு அர்த்தம். அதான் கல்யாண போட்டோ அத்தனையும் வரிசை கட்டி மொய் எழுத வந்துட்டு.

மிசினைத் திட்டாதே. ஐ.எஃப்.எஸ்.னு ஒரு வேரியபிள் உண்டு. எங்க வெட்டணும்னு அதுதான் சொல்லும். நீ வாயைத் திறக்கலேன்னா இடைவெளி, டேப், புதுவரி மூணுலயும் வெட்டும். பெல் லேப்ஸ்ல ஸ்டீபன் பார்ன் எழுதின ஷெல்லு 1979-ல யூனிக்ஸ் ஏழாம் பதிப்போட வந்துச்சே, அப்பப் புடிச்சு இதே பழக்கம். நாப்பது வருசத்துக்கு மேல ஒரே பேச்சு பேசுது. உங்க மேனேசர் அப்படியா?

இனி கேளு. வைல் லூப் போடு. ரீடுக்கு முன்னால, அதே வரியில, ஐ.எஃப்.எஸ். சமம் கமா. அந்த ஒரு ரீடுக்கு மட்டும் அது செல்லும், ஊருக்கே தண்டோரா போட வேண்டாம். பேர், ஊர், ரூபாய், குறின்னு நாலு வேரியபிள் குடு. அப்புறம் எங்க எடுத்துப் பொழங்கினாலும் இரட்டை மேற்கோளுக்குள்ள வை. இல்லேன்னா நட்சத்திரம் மறுபடியும் சொந்தபந்தத்தைக் கூப்பிட்டுரும். வரி முழுசா அப்படியே வேணும்னா, சமத்துக்குப் பொறவு ஒண்ணும் எழுதாதே. முன்னால கிடக்கிற இடைவெளி கூட அலுங்காது.

மைனஸ் ஆர் எங்கே? மறந்தாச்சா? மகாராசனும் செல்வியும் சேர்ந்து வச்ச மொய்யை நடுவுல பின்சாய்கோடு போட்டு எழுதியிருக்க. மைனஸ் ஆர் இல்லாத ரீடு அந்தக் கோட்டை முழுங்கிட்டு 'மகாராசன்செல்வி'ங்கும். வரிக் கடைசியில அந்தக் கோடு இருந்தா அடுத்த வீட்டு வரியையும் இழுத்து ஒட்டிரும். வேலித் தகராறுக்கு வேற எதுவும் வேண்டாம்.

லூப்புக்குள்ள எஸ்.எஸ்.ஹெச். வேற கூப்பிட்டிருக்கியா? முதல் ஆளுக்குப் பரிமாறும்போதே அது மிச்ச வரியை எல்லாம் உறிஞ்சிரும். அதுக்கு மட்டும் இன்புட்டை டெவ் நல்லுலருந்து குடு. வெறும் இலையைப் போட்டு உக்கார வை, பேசாம இருக்கும்.

இன்னும் ஒண்ணு. கடைசி வரி முடிவுல எண்டர் தட்டலேன்னா, ரீடு அதை வாசிச்சிட்டும் 'தீந்துபோச்சு'ன்னு கை விரிக்கும், லூப்பு நின்னுரும். 'ரீடு தோத்தாலும் பேர்ல ஏதாச்சும் இருக்கா'ன்னு வைல்லயே ஒரு அல்லது சேர்த்தாத்தான் அந்த ஆளுக்கு இலை கிடைக்கும். ஆமா, நோட்டுல கடைசி வரி யாரு?

நானா?

அப்படின்னா இந்த லூப்பெல்லாம் எதுக்கு மருமவனே? ஆக் இருக்கே! அஹோ, வெய்ன்பெர்கர், கெர்னிகன் மூணு பேரோட முதலெழுத்து. மைனஸ் எஃப் கமா, மூணாவது பத்தியைக் கூட்டு, முடிவுல பிரிண்ட் பண்ணு. எண்டர் இல்லாத கடைசி வரியையும் விட்டுராது. மொத்தம் மட்டும் வரும், யார் எம்புட்டுன்னு வராது.

எதுக்குச் சொல்றேன்னா, சாயங்காலம் மைக்குல பேர் வாசிக்கப் போறதா உங்கம்மா சொன்னா. தாய்மாமன் எழுதினது 101.